மூலையில் சிவப்பு நூல்

குழந்தையின் வாயைத் துடைக்க யார் துணி எடுத்தாலும், அதை வாங்கி நான்கு மூலைகளையும் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பேன். என் மருமகள்களுக்கு இது பெரிய வேடிக்கை. கிழவிக்கு அந்தத் துணியில் என்ன புதையல் கிடைக்கப்போகிறது என்று ஒருத்தி கேட்பாள். இன்னொருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். சிரிக்கட்டும். ஆரணிக்கு மோட்டார் வண்டி வந்த பிறகு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் அவர்கள். சீமை ராணி ஆண்ட காலத்தில், வாந்திபேதி தெருத்தெருவாக ஏறி இறங்கிய ஒரு கோடையில், ஒரு கைத்துணியின் மூலையைப் பார்த்து நான் பட்ட பாடு அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்தத் துணியைத் தைத்தவர் என் கணவரின் அக்காள். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன்.

அண்ணி சின்ன வயதிலேயே தாலியை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். ஒன்றில் என் கணவர், இன்னொன்றில் அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன். பட்டு நூலை உவர்மண் நீரில் அவித்துப் பசை எடுக்கிற வேலை அண்ணியுடையது. அந்த வேலைக்கு நடுவில் வீட்டுக்கு வேண்டிய துடைக்கும் துணிகளையும் அவரே செய்வார். நைந்த வேட்டி எதையும் எறிய விடமாட்டார். இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, வேப்பிலையும் பூந்திக்கொட்டையும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து, வாயகன்ற மண்சட்டியில் அடுக்கி மூடிவைப்பார். தறியில் உட்காருகிறவர்கள் அதில் ஒன்றை எடுத்துக் கையைத் துடைத்து, ஈரம் உலர்ந்த பிறகுதான் பட்டைத் தொட வேண்டும். வேர்வைக் கை பட்டால் புடவையில் கறை விழும். அழுக்கான துணிகள் வேறு சட்டிக்குப் போகும். சாயங்காலம் அவற்றை உவர் நீரில் கொதிக்கவைத்து, வெயிலில் உலர்த்தி, மறுபடி வேப்பிலைத் தண்ணீரில் போடுவார். ஒரு துணி வருஷக்கணக்கில் உழைக்கும். எது எதற்கென்று தெரிய, தறியிலிருந்து வெட்டி விழும் பட்டு நூல் துண்டால் மூலையில் ஓர் அடையாளம் தைப்பார். தறித் துணிக்கு மஞ்சள், அடுப்படிக்குப் பச்சை. என் கைக்குழந்தையின் துணிகளுக்கு மட்டும் நூலே கிடையாது. "பச்சப் புள்ள வாயில நூலு பூந்துகிச்சின்னா இன்னா பண்றது?" என்பார்.

அந்தக் கோடையில் என் கொழுந்தன் தேவிகாபுரம் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்தான். வந்த அன்றே படுத்தான். வயிறும் வாயும் ஓயவில்லை. அண்ணி என்னையும் குழந்தையையும் முன்கட்டுக்கு அனுப்பிவிட்டு, பின்கட்டில் அவனைப் போட்டுக்கொண்டு தானே பார்த்தார். வழக்கமாக நோயாளியின் துணியை வண்ணார் வந்து எடுத்துப் போவார். நோய் என்று கேள்விப்பட்டதும் எங்கள் தெருப் பக்கமே அவர் வரவில்லை. யாரைக் குறை சொல்ல? அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். இருந்த துணிகளில் பாதியை அண்ணி எடுத்து, மூலையில் சிவப்புப் பட்டு நூல் தைத்து, அவனைத் துடைக்க வைத்துக்கொண்டார். சிவப்பு நூல் தைத்த துணியை நான் கண்ணாலும் பார்க்கமாட்டேன். அவன் பிழைக்கவில்லை. கலகலவென்று பேசிக்கொண்டே நெய்கிறவன். அவன் தறி சும்மா நின்றது.

அவனைக் கொண்டுபோன பிறகு, சிவப்பு நூல் துணிகளை எரித்துவிடலாம் என்று அண்ணியிடம் கெஞ்சினேன். "எரிச்சிட்டு? நாளைக்கு உனுக்கோ எனுக்கோ வந்தா எத்த வச்சித் தொடைக்கறது?" என்று கேட்டார். ஆனால் அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான். பட்டு அவிக்கிற பெரிய பானையை இழுத்துப் போட்டு, உவர்மண்ணை வழக்கத்தைவிட அள்ளி அள்ளிப் போட்டு, சுண்ணாம்பும் சேர்த்து, சிவப்புத் துணிகளைத் தனியாக நாளெல்லாம் கொதிக்கவிட்டார். புகை கண்ணைக் கரித்தது. அவர் அடுப்பை விட்டு நகரவில்லை. பிறகு மற்ற துணிகளோடு அவையும் கொடியில் உலர்ந்தன. எடுத்து அடுக்கும்போது நூலைப் பார்த்துப் பிரித்துச் சட்டிகளில் போட்டார்; நூல் இல்லாதவை குழந்தையின் சட்டிக்குப் போயின.

மறுநாள் காலை குழந்தைக்குக் கஞ்சி ஊட்டி, நூல் இல்லாத துணி ஒன்றால் வாயைத் துடைத்தேன். பல் முளைக்கிற வயது. துணியைப் பிடித்து இழுத்துச் சப்பினான். விடுவித்து மடிக்கும்போது மூலையில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. சுற்றிலும் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கறை. துளை ஒன்றில் சிவப்பாக ஒரு பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது. குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு நாக்கை வழித்து வழித்து எடுத்தேன். அவன் வீறிட்ட பிறகுதான் வீடு ஓடிவந்தது.

துணியைப் பார்த்ததும் அண்ணிக்கு விளங்கிவிட்டது. உவர் அளவு மீறினால் பருத்தி தாங்கும், பட்டு கரைந்துபோகும். தறி நூலைப் பதம் தவறாமல் அவித்தவர், அடையாளம் தைத்த நூலும் பட்டுதான் என்பதை அந்தப் பயத்தில் மறந்துபோனார். பாதித் துணிகளில் சிவப்பு நூல் பானையிலேயே கரைந்துவிட்டது; மீதியில் ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்து எல்லாம் சரியென்று நம்பிவிட்டார். கொழுந்தனின் துணிகளும் குழந்தையின் துணிகளும் ஒரே சட்டியில் கலந்துகிடந்தன.

என் கணவர் அக்காளை எதிர்த்துப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "உவரு ஜாஸ்தியானா பட்டு கரைஞ்சிடும்னு ஊருக்கெல்லாம் சொல்லிகினு இருப்பியே அக்கா. அதே பட்டுல போயி அடையாளம் வச்சிகினியே. தம்பியத்தான் குடுத்துட்டோம். இவனுக்கும் எதனா ஆச்சின்னா?" என்றார்.

அண்ணி என் கையிலிருந்த துணியை வாங்கினார். குழந்தை சப்பிய அதே மூலையைத் தன் வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சப்பினார். என் கணவர் பிடுங்கப் போனார், அண்ணி விடவில்லை. "கொழந்தைக்கு இன்னா வருதோ அது எனுக்கும் வரட்டும். நான் மட்டும் பொழச்சிகினு ஒக்காந்துனு இருக்க மாட்டேன்" என்றார்.

இன்று ஆஸ்பத்திரியில் கட்டுத் துணியைக்கூடக் கொதிக்கவைத்துத்தான் போடுகிறார்கள். பட்டு நூலையே தின்றுவிட்ட தண்ணீர் நோயை மட்டும் விட்டுவைத்திருக்குமா என்று இப்போது எனக்குக் கேட்கத் தெரிகிறது. அன்று அதைச் சொல்ல எங்களுக்கு யாரும் இல்லை. குழந்தை தும்மினால் ஓடிப்போய்த் தொட்டிலை எட்டிப்பார்ப்பேன். அவன் அரையில் கட்டிய துணியை அவிழ்க்கும்போதெல்லாம் பேதியின் தடம் இருக்கிறதா என்று தேடுவேன். அன்று பொழுது சாய்வதற்குள் அண்ணி கொல்லையில் குனிந்து வாந்தி எடுத்தார். வந்துவிட்டது என்றே நினைத்தோம். தன்னை யாரும் தொட வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, தானே நடந்து மாட்டுக்கொட்டகைக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டார். என் கணவர் படலுக்கு வெளியே கஞ்சியை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். உள்ளே இருமல் கேட்டு, உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் எழுந்து தறிக்குப் போவார். நானோ ஒரு கண்ணைத் தொட்டிலிலும் ஒரு கண்ணைக் கொட்டகையிலும் வைத்துக்கொண்டு, யாருக்கு முதலில் என்று பயந்து செத்துக்கொண்டிருந்தேன்.

நாட்கள் போயின. தெருவில் புதிதாக யாரும் படுக்கவில்லை. ஒரு காலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அண்ணி மெலிந்திருந்தார், ஆனால் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"கிட்ட வராதம்மா. பால் குடிச்சானா?"

"குடிச்சான் அண்ணி. நல்லா இருக்கான். உங்களுக்கு அப்புறம் வாந்தி வரலீங்களா?"

"அன்னிக்கோட சரி. அது நோவு இல்லன்னு இப்பதான் தோணுதும்மா. வீறாப்பா வாயில வச்சிட்டேனே ஒழிய, உள்ள ஈரக்கொலையே நடுங்கிப்போச்சி. பயத்துலதான் கொமட்டிகிச்சி. எனுக்கு இன்னும் சாவ இஷ்டமில்ல."

நான் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் குழந்தையை அவர் மடியில் விட்டேன். அவன் வாயில் எச்சில் வழிந்தது. அண்ணி துணி தேடவில்லை. தன் கன்னத்தை அவன் வாயில் ஒட்டவைத்துக்கொண்டு அழுதார்.