கொழுந்து மெஷினுக்கு சார்ஜ் ஏத்துறவன் பயம்

சார்ஜ் ஏத்துற வேலைன்னா பிளக்கைச் சொருகிட்டுத் தேத்தண்ணி குடிக்கிறதுன்னு நெனைக்காதீங்க. என்னை மாதிரி பேட்டரியோட மாரடிக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

எங்க கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து வெட்டுற கைமெஷினுக்கு ஆளுக்கொரு பேட்டரி. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஆறு செல்லு. டிரோன் விடுறவங்க வச்சிருக்கிற மாதிரி சார்ஜர்லதான் ஏத்துறேன். ஆறும் ஒரே அளவா ஏறணும். ஒண்ணு மிஞ்சினாலும் உப்பும், புகையும், தீப்பிடிக்கும். சார்ஜர் இருக்கிறது ஸ்டோர்ல. ஸ்டோருக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒரே பலகைச் சுவர், அதோரமாதான் என் பிள்ளையோட தூளி. அந்தாண்ட தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லைன்ல வரிசையா பதினோரு பலகை வீடு. தினமும் எனக்கு இதே பயம்தான். என் மனைவி தேவிகிட்டகூட சொன்னதில்ல.

குளிருக்கு சுவெட்டர்

ஒரு நாள் காலையில பேட்டரியை மாட்டிட்டு, ரெண்டு நிமிஷம் வெளிய போயிட்டு வந்தேன். ஏறிக்கிட்டிருந்த பேட்டரி மேல கம்பளி சுவெட்டர் சுத்தியிருந்துச்சு. தொட்டா தோசைக்கல்லு. பிளக்கைப் பிடுங்கி சுவெட்டரை உருவினேன். கொழுந்து வெட்டுற சரசு அக்கா பக்கத்துலயே குளிர்ல கையைத் தேய்ச்சுக்கிட்டு நின்னாங்க.

“குளிர்ல பேட்டரி சீக்கிரம் செத்துடும்னு நீதானேப்பா சொன்ன, அதான் என் சுவெட்டரைப் போட்டு விட்டேன்.”

நறுக்கின ஒயர்

பேட்டரியில ரெண்டு தடி ஒயரும், வெள்ளைப் பிளக்கு வச்ச மெல்லிசு ஒயர்க் கொத்தும் இருக்கும். அந்தக் கொத்து வழியாதான் சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் பார்த்து சமப்படுத்தும். கங்காணி கொண்டாந்த நாலு பேட்டரியில கொத்தே இல்ல. கத்தரிக்கோலால சுத்தமா நறுக்கியிருந்துச்சு. அதுல ஒண்ணு ஏற்கெனவே பூரி மாதிரி உப்பியிருந்துச்சு.

ஏத்த மாட்டேன்னேன். ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லிடுவேன்னு மிரட்டினார். சொல்லுங்கன்னேன். கிராணிக்குப் பயப்படுறதைவிட இதுக்குத்தான் எனக்கு அதிகமா பயம். ஒயரை ஏன் நறுக்குனீங்கன்னு கங்காணியைக் கேட்டேன்.

“செடியில மாட்டி மாட்டி இழுக்குது, அதான் வெட்டிட்டேன், தடி ஒயரு நல்லாத்தானே இருக்கு, ஏத்து லா.”

அரிசி டின்னு

போன மாசம் ஒரு மத்தியானம் தானா ராத்தா டவுன்லேருந்து வீட்டுக்கு வந்தேன். சரசு அக்காவோட பேட்டரி வாய்க்கால்ல விழுந்து கல்லுல அடிபட்டுச்சாம். நான் இல்லாததால தேவிகிட்ட குடுத்துட்டுப் போயிட்டாங்க. எங்க வச்சேன்னு கேட்டேன். “அரிசி டின்னுல. போன் நனைஞ்சா அப்படித்தானே போடுவோம்?”ன்னா.

டின்னு கேஸ் அடுப்புக்குக் கீழ இருந்துச்சு. மூடியைத் திறந்தேன். அரிசி சூடா இருந்துச்சு. இனிப்பா ஒரு வாடை வந்துச்சு. செல்லு உடைஞ்சா வர்ற வாடை அது. “பிள்ளையைத் தூக்கிட்டு வெளிய ஓடு”ன்னு கத்திக்கிட்டே டின்னோட திடலுக்கு ஓடினேன். நடுத்திடல்ல வச்சுட்டு இருபது அடி வந்திருப்பேன், சீறிக்கிட்டுப் பத்திக்கிச்சு.

தேவி பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு எரியறதைப் பார்த்தா. அப்புறம் திரும்பி ஸ்டோரைப் பார்த்தா. ரொம்ப மெதுவாத்தான் கேட்டா.

“இந்தச் சாமானையா இத்தனை நாளும் பிள்ளை தூங்குற சுவத்துக்கு அந்தப் பக்கம் வச்சிருந்தீங்க?”

அன்னிக்கே சார்ஜரைத் தூக்கிட்டுப் போய் லைனை விட்டுத் தள்ளியிருக்கிற கூரை ஒழுகுற தகரக் கொட்டகையில வச்சேன், இப்போ கேமரன் மழையைப் பார்த்துப் பயந்துக்கிட்டு இருக்கேன்.