விழுங்காமல் துப்புங்கள்

ஊரெல்லாம் 'இங்கே துப்பாதே' என்று எழுதிப் போட்டிருக்க, 'தயவுசெய்து துப்புங்கள்' என்று கெஞ்சிச் சம்பளம் வாங்குகிற உத்தியோகம் எனக்கு. ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் தாதியாக, இங்கத்துப் பேச்சில் 'மிஸ்ஸி'யாக, இருக்கிறேன். எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களின் வாயிலும் தொண்டையிலும் எச்.பி.வி. என்கிற இன்னொரு கிருமி மற்றவர்களைவிடச் சுலபமாக வந்து தங்கும். பல பேருக்குத் தானாகவே போய்விடும். சிலருக்குப் பரு கிளப்பும். எங்கோ ஒருவருக்குப் பல வருஷம் கழித்துப் புற்றாகவும் மாறலாம். எங்கள் டாக்டர் அவர்கள் எச்சிலை வைத்து அதை ஆராய்கிறார். நான் அவர்களுக்கு ஒரு சின்னக் கப்பில் உப்புத் தண்ணீர் கொடுத்து, நன்றாகக் கொப்பளித்துத் திரும்ப அந்தக் கப்பிலேயே துப்பச் சொல்ல வேண்டும்.

கேட்பதற்கு எவ்வளவு சுலபம்! கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரே வாக்கியத்தை நாள் முழுக்கச் சொல்லி நாக்கு வறண்டுபோகும் என் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் புரியும். பேர்களை எல்லாம் மாற்றிவிட்டேன். பேச்சு மட்டும் அசல்.

தீர்த்தம்

முனியாண்டி அண்ணன் கோப்பெங் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. அண்ணன் இப்போது லோரி ஓட்டுகிறார். நான் கப்பை நீட்டியதும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். ஏன் என்று யோசிப்பதற்குள் வலது கைக்குக் கீழே இடது கையை வைத்துப் பவ்யமாக வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டார்.

"அண்ணே, துப்பணும்!" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஆட்களிடம் ஒரு வாய்த் தண்ணீரை மரியாதையாக நீட்டினால் வேறென்ன செய்வார்கள்? இன்னொரு கப் கொடுத்து, இது சாமி விஷயம் இல்லை, சோதனை என்று விளக்கினேன். அண்ணன் அரை மனதோடு துப்பிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கையில குடுத்தத துப்பச் சொல்றீங்களே மிஸ்ஸி, நீங்க எந்தக் கோயிலுக்கு லா போறீங்க?"

ஆம்பளை கேட்கட்டும்

எச்.பி.வி. வாய்க்கு வருவது பெரும்பாலும் படுக்கையறையில் வாய் கலப்பதால்தான். ஆகவே அதைப் பற்றி நாலு கேள்வி கேட்டாக வேண்டும். ஊசி போடச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். காதர் பாய் முன்னால், அதுவும் அவர் கடையில் நான் வாரா வாரம் ரொட்டி சானாய் சாப்பிடுகிற நிலைமையில், "பாய், அது வந்து..." என்பதற்கு மேல் எனக்கு நாக்கு புரளவில்லை. பாய் நிலைமையைப் புரிந்துகொண்டு, "இத ஒரு ஆம்பளைய விட்டுக் கேக்கச் சொல்லுங்கம்மா" என்றார்.

எங்கள் கிளினிக்கில் உள்ள ஒரே ஆம்பளை உதவியாளர் குமார். ஜிம்முக்குப் போய்க் கையெல்லாம் முறுக்கேற்றி, அதில் புலி பச்சை குத்தியவன். கம்பீரமாக வந்து உட்கார்ந்தான். முதல் கேள்வியைப் படித்தான். காது சிவந்தது. நெற்றி வேர்த்தது. கூரையைப் பார்த்துக்கொண்டு, "பாய், கடையில யாவாரம் எப்படி போவுது?" என்றான். பாய் எழுந்து போய் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

"தம்பி, நீங்க கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாங்க. கேள்விய இப்படி குடுங்க, என்னைய நானே கேட்டுக்கறேன்."

அண்ணாந்து குடித்தவர்

சரோஜா அக்காவிடம்தான் நான் தோற்றேன். ஈப்போவில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கிறார். எச்.ஐ.வி. கணவரிடமிருந்து வந்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மருந்தை ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு அக்கா உடம்பைத் தேற்றி வைத்திருக்கிறார். ஒரு மகள். அவ்வளவுதான் குடும்பம்.

கப்பைக் கொடுத்தேன். அக்கா முகத்தை மேலே தூக்கி, கப்பை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, உதட்டில் படாமல் வாய்க்குள் ஊற்றினார். ஊற்றிய வேகத்தில் உள்ளே போய்விட்டது. இரண்டாவது கப்பும் அப்படியே. மூன்றாவதுக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. "உதட்டுல வச்சி உறிஞ்சுங்கக்கா! வீசுற கப்புதானே இது, யாரு குடிக்கப் போறா?" என்று சத்தம் போட்டேன். நோய் தெரிந்த அன்றே புருஷன் வீட்டில் அவருக்குத் தனித் தம்ளர் வைத்தார்களாம். அதிலிருந்து எங்கே போனாலும் அண்ணாந்துதான் குடிக்கிறார். என் கோபமெல்லாம் வடிந்துபோயிற்று. அக்கா என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்.

"வீசினா குப்ப அள்ளுறவங்க தொடுவாங்கல்ல மிஸ்ஸி, அவங்களும் ஒரு தாய் பெத்த புள்ளைங்கதானே?"

பரு

அக்கா ஒருவழியாக உதட்டில் வைத்துக் கொப்பளித்தார். ஆனால் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னதும் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். கெஞ்சி எடுக்க வைத்தோம். கீழ் உதட்டின் உட்புறம் பூக்கோசு போல ஒரு சின்னப் பரு. அக்காவுக்கு அது முன்பே தெரியும். மகளுக்கு நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை வீடு பாகான் செராயில். சபையில் தாய் தன் கையால் மகளுக்குச் சர்க்கரை ஊட்ட வேண்டும். ஊட்டினால் மகளுக்கும் வந்துவிடும் என்று பயந்து, காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட முடிவு செய்திருந்தார். ஒரே மகளின் நிச்சயத்துக்குப் பெற்றவள் வர மாட்டாளாம்!

டாக்டர் சீனர். மலாயில் நிதானமாகச் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். கையால் ஊட்டினால் எச்.ஐ.வி. வராது. ஒரே தம்ளரில் குடித்தாலும் வராது. பரு எச்.பி.வி.யால் வந்தது, சர்க்கரை ஊட்டி அதுவும் தொற்றாது. மரக்க ஊசி போட்டுப் பருவை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை அக்காவைவிட நான்தான் சாமிக்கு அதிகம் நேர்ந்துகொண்டிருப்பேன். வெறும் பரு, புற்று இல்லை என்று வந்தது. நான் கைதட்டினேன். அக்கா சிரிக்கவில்லை.

"அப்ப இத்தன வருஷமா நான் அண்ணாந்து குடிச்சது யாருக்காக மிஸ்ஸி?"

சம்பந்தி மரியாதை

நிச்சயம் முடிந்து அக்கா லட்டு டப்பாவோடு வந்தார். சர்க்கரை ஊட்டினாராம். அவசரத்தில் மகள் மூக்கிலும் கொஞ்சம் ஊட்டினாராம். அதற்கு அப்புறம்தான் கூத்து. மாப்பிள்ளை வீட்டில் காப்பி கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் சொன்னது, நான் கத்தியது எல்லாம் மறந்து, பழைய பழக்கத்தில் அண்ணாந்து ஊற்றியிருக்கிறார். ஒரு சொட்டு சிந்தவில்லை. அதைப் பார்த்த சம்பந்தியம்மா அசந்துபோய், பக்கத்தில் இருந்தவரிடம் "எவ்ளோ ஆசாரமான குடும்பம் பாத்தியா?" என்று காதைக் கடித்திருக்கிறார். உடனே அக்காவுக்கு முன்வரிசை நாற்காலி, தனி இலை, ஏகப்பட்ட உபசாரம். ஒதுக்கி வைக்கப்பட்டுக் கற்ற பழக்கத்துக்கு ஊரே கும்பிடு போட்டிருக்கிறது!

மகளுக்கு எல்லாம் தெரியும். எழுந்து வந்து, அம்மா கையில் இருந்த தம்ளரை வாங்கி, மிச்சக் காப்பியைச் சபை பார்க்க உதட்டில் வைத்து நிதானமாகக் குடித்தாளாம். இதைச் சொல்லும்போது அக்கா என் மேசையில் இருந்த தே தாரிக் டீயை எடுத்து, தன்னை அறியாமல் உதட்டில் வைத்து உறிஞ்சினார். நான் பார்க்காதது போல் லட்டு டப்பாவைத் திறந்தேன். மகள் குடித்ததைப் பார்த்துச் சம்பந்தியம்மா சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஆத்தாளுக்கு இவ்ளோ ஆசாரம் இருந்தும், மக எச்சி குடிக்கிறா பாரு லா!"

பருவை எடுக்க டாக்டருக்கு ஒரு ஊசியும் சின்னக் கத்தியும் போதும், பயத்தைத் துப்ப வைப்பதற்குத்தான் என்னைப் போல் ஒரு மிஸ்ஸி தொண்டை கிழியக் கத்தி, கடைசியில் தன் தே தாரிக்கையும் பறிகொடுக்க வேண்டியிருக்கிறது.