வெல்லத் தண்ணீர் குடித்து வளர்ந்த மீன்குஞ்சுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சுளா என்னைக் கூப்பிட்டிருந்தாள். கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லை — மீன்குஞ்சு பிடிப்பதைப் பார்க்க.

மஞ்சுளா என் மனைவியின் சித்தி மகள். ஓசூரில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி லைன் வேலை பார்த்தவள். ஷிஃப்ட் முடிந்து வந்தால் கால் வீங்கியிருக்கும். ஒருநாள் வேலையை விட்டாள். கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் தங்கள் நிலத்தில், கணவன் நாகராஜோடு சேர்ந்து பண்ணைக்குட்டை வெட்டினாள். பெரிய மீன் வளர்க்க அல்ல. கட்லா, ரோகு குஞ்சுகளை விரல் நீளத்துக்கு வளர்த்து மற்ற பண்ணைகளுக்குக் கொடுக்க.

முதல் தடவை விட்ட குஞ்சுகள் வால் அழுகிச் செத்தன. தீவனக் கடைக்காரர் ஒரு ஆன்டிபயாடிக் கொடுத்தார். அடுத்த தடவை விட்டவையும் செத்தன. இன்னும் வீரியமான மருந்து கொடுத்தார்... அதற்கும் அதே கதை.

பிறகுதான் ஒரு பயிற்சியில் ப்ரோபயாடிக் பற்றிக் கேட்டிருக்கிறாள். நல்லது செய்யும் பாக்டீரியா. தயிரில் இருப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பவுடராக வருகிறது. வெல்லமும் தவிடும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, வெயில் ஏறியதும் குட்டையில் ஊற்ற வேண்டும். தீவனத்திலும் கொஞ்சம் பிசைய வேண்டும். அடியில் சேரும் கழிவை அது தின்னும். குஞ்சின் குடலில் குடியேறி, கெட்ட கிருமிக்கு இடம் கொடுக்காது.

"எனக்கு டீயில சக்கரையக் கொறைச்சிட்டா. மீனுக்கு மட்டும் டிரம்மு நெறைய வெல்லம்" என்று நாகராஜ் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

இந்தத் தடவை குஞ்சுகள் பிழைத்தன. தீவனம் தூவினால் உலை கொதிப்பதுபோல் மேலே வரும். வீடியோ எடுத்து அனுப்புவாள். "பாருங்க மாமா, ஒண்ணுகூட சொணங்கி நிக்கல." அவள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் கல்யாணத்தில்கூட நான் கேட்டதில்லை.

அந்த ஞாயிறு நான் போய் இறங்கியபோது குட்டை வெள்ளையாக இருந்தது. நுரை என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால்... வயிறுகள்.

நடந்தது இதுதான். பிடிப்பதற்கு முன்னால் கொஞ்சம் புதுத் தண்ணீர் விட்டால் குஞ்சுகள் தெம்பாக இருக்கும். போர்வெல் வற்றிவிட்டது. முந்தின நாள் மழையில் பக்கத்து ஓடையில் தண்ணீர் வந்தது. நாகராஜ் மோட்டாரைப் போட்டு இறைத்துவிட்டான். மேலே எங்கோ, மழையைச் சாக்காக வைத்து, யாரோ கழிவை ஓடையில் திறந்துவிட்டிருக்கிறார்கள். யார்? கம்பெனியா, டேங்கரா? எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? யாருக்கும் தெரியாது.

மஞ்சுளா அழவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று, செத்த குஞ்சுகளை வலையால் அள்ளிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தாள். நாகராஜ் மோட்டார் பக்கத்தில் குந்தியிருந்தான்.

"நாந்தாண்ணா போட்டேன்" என்றான் என்னிடம். "அவ வேணாம்னா. கலங்கலா இருக்குது, நாளைக்குப் பாக்கலாம்னா. மழைத் தண்ணிதானேன்னு நாந்தான்..."

மஞ்சுளா திரும்பாமலே சொன்னாள்: "ஏந்திரிச்சு வந்து வலையப் புடி. மழைத் தண்ணியில வெசம் வரும்னு நீ கனவா கண்ட?"

இதற்குள் அத்திப்பள்ளியிலிருந்து வியாபாரி, குஞ்சுகளை உயிரோடு கொண்டுபோகும் ஆக்ஸிஜன் பைகளோடு வந்துவிட்டார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். ஒரு மூலையில் கொஞ்சம் குஞ்சுகள் இன்னும் நீந்திக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"அதைக் கொடு அக்கா. உசிரோடதானே இருக்கு?"

"வேணாங்க. அதுவும் அதே தண்ணியிலதான் கெடந்துது."

"பிடு அக்கா, யாரிகெ கொத்தாகுத்தே?" விடு அக்கா, யாருக்குத் தெரியப்போகிறது — அதைத்தான் கேட்டார்.

"வாங்கிட்டுப் போறவன் ஊட்லயும் ஒருத்தி வெல்லம் கரைச்சிட்டு இருப்பா" என்றாள் மஞ்சுளா.

அவர் காலிப் பைகளோடு வண்டியைத் திருப்பினார். சாயங்காலத்துக்குள் அந்த மூலையும் அடங்கிவிட்டது.

சில நாள் கழித்து மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்தார்கள். ஓடையிலிருந்து பாட்டிலில் தண்ணீர் எடுத்தார்கள். இப்போது இருப்பது நல்ல தண்ணீர்தானே என்றார்கள். பொய் இல்லை. விஷம் அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிருக்கு வெல்லம் ஊட்டி வளர்க்கக் கற்றுக்கொண்டாள் இந்தப் பெண். தன் வேலிக்குள் செய்ய வேண்டியது அத்தனையும் சரியாகச் செய்தாள். வேலிக்கு வெளியே நடப்பதை அவள் என்ன செய்ய முடியும்? நீங்களோ நானோதான் என்ன செய்துவிட்டோம்?

இப்போது மஞ்சுளா மறுபடி வேலைக்குப் போகிறாள் — வேறு கம்பெனி, அதே லைன் வேலை. நாகராஜ் குட்டைப் பக்கமே போவதில்லையாம். நேற்று அவளை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். யூனிஃபார்ம், கழுத்தில் ஐடி கார்டு. "மறுபடியும் குஞ்சு விடுவியாம்மா?" என்று கேட்டுவைத்தேன்.

"விடலாம் மாமா. பாக்டீரியா கடையில கெடைக்குது. தண்ணி எங்க கெடைக்கும், சொல்லுங்க?"

நல்லவேளை, அதற்குள் கம்பெனி பஸ் வந்துவிட்டது.