மாமாவின் செபமும் ஆறிப்போன பஜ்ஜியும்

என் தாய்மாமனுக்குப் பெண் அமையாததற்குத் தங்கம்தான் காரணம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். முதலில் போன வீட்டில், நகை எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று பெண்ணின் அப்பா மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். திண்டுக்கல்லில் வேதியியல் வாத்தியாரான மாமா, தங்கம் காற்றோடும் சேராது, தண்ணீரோடும் சேராது, ஆண்டவர் படைத்ததிலேயே சுத்தச் சோம்பேறித் தனிமம் அதுதான் என்று விளக்கியிருக்கிறார். அடுத்த வீட்டில், சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுகிற சாம்பலில் பொட்டாசியம் இருப்பதைப் பற்றி ஆரம்பித்தார். காப்பி வருவதற்குள் அந்தச் சம்பந்தமும் போயிற்று.

மாமாவுக்கு பைபிளும் வேதியியலும் ஒரே புத்தகம். ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்குப் பத்துக் கட்டளைகளையும் முதல் இருபது தனிமங்களையும் சேர்த்தே மனப்பாடம் செய்வித்திருந்தார்.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த ஒருவரின் மகளைப் பார்க்கக் கிளம்பியபோது, இதுவும் தட்டிப்போனால் இனி எவர் வாசலையும் மிதிக்கமாட்டேன் என்று அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டாள். "தம்பி, கும்பிடு போடு, காப்பியக் குடி. அம்புட்டுத்தான். வாயத் தொறந்துறாத" என்றாள். அவள் தம்பியை அவள் அறியாதவளா? ஆகவே என்னை மாமாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, ஏதாவது ஆரம்பித்தால் தொடையில் கிள்ளு என்று உத்தரவும் போட்டாள். மாமா கல்யாணத்து மட்டன் பிரியாணிக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மாமா பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி இருந்தார், கத்தோலிக்கரைப் பற்றி அப்படிச் சொல்லலாம் என்றால். தட்டில் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன. சாப்பிடும் முன் மாப்பிள்ளை வீட்டார் ஒரு செபம் சொல்வது வழக்கம். என் அப்பா தொண்டையைச் செருமினார். அதற்குள் பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளையே சொல்லட்டுமுங்க" என்றுவிட்டார்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். அம்மா மட்டும் என்னைப் பார்த்தாள்.

ஒளியைப் படைத்த ஆண்டவரே, அந்த ஒளி எரிவதற்கு ஹைட்ரஜனைத் தந்தீரே, நன்றி என்று மாமா தொடங்கினார். கிள்ளினேன். ஹீலியத்தைப் பூமியில் நாங்கள் காணும் முன்னே சூரியனில் காட்டினீரே, நன்றி. இன்னும் பலமாகக் கிள்ளினேன். எறும்பு என்று நினைத்தாரோ என்னவோ, காலை நகர்த்திக்கொண்டு லித்தியத்துக்குப் போனார். விண்ணக எருசலேமின் அடித்தளக் கற்களில் ஒன்றிலே பெரிலியம் இருப்பதற்கு நன்றி. கரியையும் வைரத்தையும் ஒரே கார்பனில் செய்ததற்கு நன்றி. கன்னியர்களைப் போல ஒருவரோடும் சேராமல் தனித்து ஒளிரும் நியானுக்காக நன்றி. பத்துதான் முடிந்திருந்தது, இன்னும் பத்து பாக்கி. பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. வெளியே கேரளாவுக்குப் போக வேண்டிய லாரி ஹாரன் அடித்தது, பெண்ணின் அப்பா ஒற்றைக் கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தார்.

மாமாவின் குரல் இப்போது தழுதழுத்தது. ஆண்டவரே, சோடியம் தனியாகத் தண்ணீரில் விழுந்தால் வெடிக்கும், குளோரின் தனியாக வந்தால் மூச்சை அடைக்கும், அந்த இரண்டு பொல்லாததுகளையும் சேர்த்துவைத்து எங்கள் சோற்றுக்கு உப்பாக்கினீரே என்றார்.

"ஆமென்" என்றது உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல்.

விட்டால் போதும் என்று எல்லோரும் ஆமென் போட்டார்கள். மெக்னீசியத்துக்கு வாய் திறந்த மாமா அப்படியே நின்றார். திரையை விலக்கிக்கொண்டு, நாங்கள் பார்க்கப் போன பெண் காப்பித் தட்டோடு வந்தார். மாமாவுக்கு முன்னால் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, உப்புன்னு சொன்னீங்களே. அதுல சோடியம் யாருங்க, குளோரின் யாருங்க?"

மாமாவின் காதுமடல் சிவந்துபோனது. வாய் திறக்கவே இல்லை. குடும்ப மானம் போகிறதே என்று நான் எழுந்து நின்று, "சோடியம் பதினொண்ணு, குளோரின் பதினேழு" என்றேன்.

"உன்னையக் கேக்கல கண்ணு" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

திரும்பும் பஸ்ஸில் துக்கம் தாங்காமல் அம்மாவின் காதில் சொன்னேன், இந்தச் சம்பந்தமும் போச்சு, மாமாவுக்குப் பாடமே மறந்துபோச்சு என்று. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஜன்னலோரத்தில் மாமாவும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு இருவர் மேலும் கோபம் கோபமாக வந்தது. வேதியியல் வாத்தியார் ஒருவர் சோடியம் எது என்று தெரியாமல் முழித்துவிட்டு வந்திருக்கிறார், இதில் சிரிக்க என்ன இருக்கிறது?