தலை நிமிர்ந்தால் கண் தெளியும்

மலேசியாவின் செரண்டாவில் ஒரு சிப் தொழிற்சாலையில் நாள் முழுவதும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, முடியைவிட மெல்லிய கம்பிகளைப் பொருத்துவது என் வேலை. ஒரு மாலை பஸ் எண் மங்கலாகத் தெரிந்தது. ரவாங் போக வேண்டியவள், தவறான பஸ்ஸில் ஏறி, எதிர்த்திசையில் இருக்கும் கலும்பாங்கில் இறங்கி அழுதேன்.

கிட்டப்பார்வை என்று பயந்து கண் டாக்டரிடம் ஓடினேன். சொட்டு மருந்து விட்டுச் சோதித்தவர், "கண்ணாடி வேணாம்மா. கிட்டவே பார்த்துப் பார்த்துக் கண்ணுத் தசை இறுகிப் போச்சு. அப்பப்ப தூரமா பாருங்க" என்றார்.

இதைச் சூப்பர்வைசர் மாணிக்கம் அண்ணனிடம் சொல்லி, வரிசையில் எல்லாரும் அவ்வப்போது ஒரு நிமிஷம் தூரத்தில் பார்க்க அனுமதி கேட்டேன்.

"எல்லாரும் வேடிக்கை பார்த்தா வேலை என்னாவும்லா?"

"கண்ணு போச்சுன்னா யாருண்ணே கம்பி பொருத்துறது?"

சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

இப்போது நான் லைன் லீடர். நான் கை தட்டினால் எங்கள் வரிசைப் பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து, ஜன்னலுக்கு வெளியே தூரத்துச் செம்பனை மரங்களைப் பார்ப்பார்கள். அடுத்த வரிசைக்காரர்களும் என் கைத்தட்டலுக்குத்தான் காத்திருக்கிறார்கள்!