வாத்து மேய்த்த மாஸ்டர்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அடுக்கி வைத்த துணியை மெஷினில் ஒரே மூச்சில் வெட்டுவாள். சாக்பீஸ் கோட்டை விட்டு ஒரு நூல்கூட விலகாது. அப்படிப்பட்டவளின் வலது கட்டை விரலை, வீட்டில் கழுவும்போது உடைந்த கண்ணாடி டம்ளர் ஒன்று பதம் பார்த்துவிட்டது. அறுந்த தசைநாரைத் தைத்தார்கள். கட்டுப் பிரித்தபோது விரல் மடங்க மறுத்தது.

“தினமும் நூறு தடவை இந்தப் பந்தை அழுத்துங்க,” என்றார் பிசியோதெரபிஸ்ட்.

பத்தைத் தாண்டுவதற்குள் அவளுக்குக் கொட்டாவி வந்தது.

அதைப் பார்த்த நாத்தனார், தன் பழைய வீடியோ கேமைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். பழைய கார்ட்டூன் ஒன்றை வைத்துச் செய்த விளையாட்டு. தொப்பி போட்ட குண்டு வாத்து கேக்கைத் திருடிக்கொண்டு கூரைக்குக் கூரை தாவும். போலீஸ் நாய் துரத்தும். தாவ வைக்கும் பட்டன் வலது கட்டை விரலுக்கு.

“வலிச்சா நிறுத்திடணும்,” என்ற நிபந்தனையோடு பிசியோவும் சம்மதித்தார்.

“இந்த வாத்து கீழ விழுந்தா என் பேரை மாத்திக்கிறேன், பாரு!” என்று நாத்தனாரிடம் சவால் விட்டாள் மாஸ்டர்.

சொல்லி வாய் மூடவில்லை, வாத்து தண்ணீர்த் தொட்டிக்குள் தொபுக்கடீர் என்று விழுந்தது.

“சரி அண்ணி, இன்னைக்கு உங்க பேரு பூசணிக்கா.”

வாரம் முடிவதற்குள் அவள் தவளையானாள், தகர டப்பாவானாள். அசரவில்லை. எட்டாவது கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டாள். கொடியில் ஆடும் சட்டைகள்மேல் தாவ வேண்டும். நாற்பது முறை விழுந்த பிறகு, விளையாட்டை நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்தாள்.

“காலரைப் பார்த்துத் தாவினது தப்புடி. சட்டையோட கை முன்னாடி வரும்போது தாவணும். சட்டையைப் பத்தி எனக்கா தெரியாது?”

ஒரே மூச்சில் ஏழு சட்டை. வாத்து அக்கரை சேர்ந்தது. நாத்தனார் துள்ளிக் குதித்தாள். பிறகு சட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

“அண்ணி, உங்க விரல் மடங்குது!”

மறுநாள் பிசியோ இரண்டு முறை அளந்து பார்த்தார். “நல்லா மடங்குதே! பந்தா, விளையாட்டா?”

“வாத்து மேய்ச்சேன் சார்.”

அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். மதியத்துக்குள் விரல் லேசாக வீங்கியது. கால் மணி நேரம் ஐஸ் வைத்துவிட்டு, மிச்சமிருந்த துணியை அவளே வெட்டி முடித்தாள்.