மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் அமெரிக்கா

"அமெரிக்காவுல கறுப்பு ஆளுகளுக்கு முடி வெட்டுறது யாரு தம்பி?"

முத்தையாபுரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் சலூனின் வாசலில் நின்று அற்புதமணி இப்படிக் கேட்டது 1975இல். எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வேலையில்லாமல் அந்தக் கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பர் படிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

உண்மையில் எல்லாம் தெரிந்தவர் சலூன்காரர் மந்திரமூர்த்தி அண்ணாச்சிதான். தூத்துக்குடியைத் தாண்டிப் போகாதவர், அமெரிக்காவைப் பக்கத்துத் தெரு மாதிரி பேசுவார். மதராசில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகம் தபாலில் இலவசமாக அனுப்பும் ஒரு பத்திரிகைதான் காரணம். பஸ்ஸில் தங்களுக்குச் சம இடம் இல்லை என்பதற்காகக் கறுப்பர்கள் ஒரு வருடத்துக்கும் மேலாகப் பஸ் ஏறாமல் வேலைக்கு நடந்தே போனதை அவர் சொன்னால் கேட்கிறவர்களுக்குக் கால் வலிக்கும்.

அவருக்கு ரொம்பப் பிடித்தது நான்கு மாணவர்களின் கதை. வெள்ளையர்கள் மட்டும் உட்காரும் கடையில் போய் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். கொடுக்கவில்லை. அவர்களும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இந்த இடம் வந்ததும் அண்ணாச்சி, பாதிச் சவரத்தில் இருப்பவரை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து காட்டுவார். நான்கு பேராகவும் அவரே நடிப்பார். அதற்குள் முகத்தில் சோப்பு நுரை காய்ந்துபோகும்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அற்புதமணி இந்தக் கதைகளை வாசலில் நின்றுதான் கேட்பார். அவருடைய சாதிக்காரர்களுக்கு அந்தக் கடையில் முடி வெட்டுவதில்லை. பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போய் வெட்டிக்கொள்வார்கள். டவுனில் யாரும் 'எந்தத் தெரு' என்று கேட்பதில்லை. அண்ணாச்சியிடம் காரணம் கேட்டால், "எனக்கு ஒண்ணும் இல்லடே, வாடிக்கை போயிரும்லா" என்பார்.

ஒருநாள் காலையில் அண்ணாச்சி கடையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டுத் திரும்பினால், நாற்காலியில் அற்புதமணி.

"ஏலே, என்ன இது?"

"முடி வெட்டணும் அண்ணாச்சி."

"விளையாடாத. எந்திரி."

"அந்த நாலு பேரும் எந்திரிச்சாங்களா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் பேப்பரைப் பார்த்தேன். சிக்கல் என்னவென்றால் அற்புதமணிதான் அன்றைய முதல் ஆள், போணி. போணியைத் திருப்பி அனுப்பினால் அன்றைக்கு வியாபாரமே நடக்காது என்று அண்ணாச்சிக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. போணிக்காக, வழுக்கைத் தலைக்காரரைக்கூட உட்காரவைத்துக் கத்தரியை ஆட்டியவர். இவரை அனுப்பினால் போணி போச்சு. வெட்டினால் வாடிக்கை போச்சு.

அதற்குள் பக்கத்துப் பலசரக்குக் கடை தனராஜ் முடி வெட்டிச் சவரம் செய்துகொள்ள வந்துவிட்டார். நாற்காலியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார்.

"மூர்த்தி, இவனுக்கு வெட்டுன கத்தரி என் தலையில படாது. சொல்லிட்டேன்."

"நான் எங்க வெட்டுனேன்? சும்மா உக்காந்திருக்கான்."

"அப்பம் எறக்கி விடு."

அண்ணாச்சி கத்தரியைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு தட்டிதான் மறைப்பு. அதற்கு அந்தப் பக்கமிருந்து அவர் மனைவி சங்கரம்மாளின் குரல் வந்தது.

"ஒரு சந்தேகம் கேக்கேன். அந்தக் கதையில நீங்க யாரு? உக்காந்த ஆளா, வெரட்டுன ஆளா?"

"நீ சும்மா இரு."

"சும்மாத்தான் இருக்கேன். சனிக்கிழமை தோறும் பண்ணையார் வீட்டுக்குப் பின்வாசல் வழியாப் போயிச் செரச்சிட்டு வாரிய. வந்து ராத்திரி சோறு எறங்காமப் பொலம்புதிய. அது எந்த நாட்டுக் கதைன்னுதான் கேக்கேன்."

எதிரே ஒரு பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அண்ணாச்சி வெள்ளைத் துணியை எடுத்து இரண்டு முறை உதறினார். அற்புதமணியின் கழுத்தைச் சுற்றிக் கட்டினார்.

"தலையை ஆட்டாத. காது போயிரும்" என்றார்.

தனராஜ் போய்விட்டார். அவரோடு இன்னும் பலர் வருவதை நிறுத்தினார்கள். பெஞ்சில் பல நாட்கள் நான் மட்டும் இருந்தேன். கதை கேட்க ஆள் இல்லாததால் அண்ணாச்சி எனக்கே திரும்பத் திரும்பச் சொன்னார். அப்புறம் அற்புதமணியின் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். கூச்சத்தில் முதலில் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார்கள். "நல்லாச் சாஞ்சு உக்காருங்கடே, அதுக்குத்தான் சாய்மானம் வச்சிருக்கு" என்று அண்ணாச்சி அதட்டினார்.

தனராஜ் டவுனுக்குப் போய்ச் சவரம் செய்துகொண்டார். கடையைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறுவது சீக்கிரமே சலித்துவிட்டது. தாடி வளர்த்தார். சாமான் வாங்க வந்த பெண்கள் எந்தக் கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்று விசாரித்தார்கள். ஒருநாள் சத்தமில்லாமல் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நாற்காலியில் அற்புதமணி.

"அவனுக்கு முடியட்டும், அடுத்து நீங்க" என்றார் அண்ணாச்சி. "டவுன்ல ஒமக்கு முன்னால அந்தக் கத்தரி யாரு யாரு தலையில பட்டுதோ?"

தனராஜ் பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

அண்ணாச்சி இப்போதும் அந்த நான்கு பேரின் கதையைச் சொல்கிறார். ஆனால் நாற்காலியில் போய் உட்காருவதில்லை. கல்லாவுக்குப் பின்னால் நின்று, காப்பி இல்லை என்று சொன்ன கடைக்காரனாக நடிக்கிறார். அந்த வேஷம் அவருக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்கிறார் சங்கரம்மாள்.

இதைப் படித்தவர்கள் அடுத்த முறை முடி வெட்டப் போகும்போது, பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். கத்தரி பிடித்திருப்பவர் காதிலும் விழும்படி கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.